சம்மனசுக்கு இல்லாத காது

லியோன் நகரத்தில் கோயில்களுக்குப் படம் வரையும் அன்செல்ம், சம்மனசின், அதாவது சிறகுள்ள தேவதூதரின், முகத்தைத் தீட்ட ஆரம்பித்தால் போதும், பின்னால் மரச்செருப்புச் சத்தம் கேட்கும். டக், டக் என்று வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். அவர் பயந்ததே இல்லை. பெற்ற மகளிடம் என்ன பயம்? இருபது வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் செத்துப்போன ஒதில், அன்று போலவே மரச்செருப்போடு தன் முகத்தைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று நம்பினார். மனுஷன் அந்த நம்பிக்கையில்தான் உயிரை வைத்திருந்தார்.

அவருடைய சம்மனசுகளுக்கெல்லாம் ஒரே முகம், அவள் முகம். அவர் சொல்லிக்கொடுக்கும் சித்திரப் பள்ளியில் பிள்ளைகள் கரியால் எந்த முகத்தை வரைந்தாலும், குனிந்து கட்டைவிரலால் தேய்த்துத் திருத்துவார். நிமிரும்போது அதுவும் ஒதிலாகியிருக்கும்.

"வாத்தியார் கையில குரங்கைக் குடுத்தாலும் சம்மனசாக்கிடுவார்டா" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள்.

மனைவி ஃபிலோமேன் மட்டும் அவர் வரைந்த எந்தக் கோயிலுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. "எம்புள்ளைய செவுத்துல பாக்குற தெம்பு எனக்கில்ல" என்பாள். பூசைக்கு ஆற்றைத் தாண்டி வேறு கோயிலுக்குப் போவாள்.

"கை நடுங்குது ஃபிலோமேன். இதுதான் கடைசிப் படம். ஒரு தடவ வந்து பாத்துடு" என்று அவர் கெஞ்சிய பிறகுதான் வந்தாள். பீடத்தருகே சாய்த்து வைத்திருந்த படத்தில் வண்ணம் இன்னும் காயவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?"

"என்ன பேச்சு பேசுற? நம்ம ஒதிலு!"

"விளையாடாதீங்க. நம்ம புள்ளைக்கு ஒரு காது விடைச்சுக்கிட்டு நிக்குமே, தொப்பிக்குள்ள அடங்கவே அடங்காதே! முன்பல்லு வேற கோணல். இவ யாரோ பெரிய வீட்டுப் பொண்ணு."

அன்செல்முக்கு முதல் கோயிலில் பங்குச் சாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. "சம்மனசுக்கு விடைச்ச காதா? சனங்க சிரிப்பாங்க அன்செல்ம். கொஞ்சம் அடக்கிடுங்க." அடக்கினார். பல்லை உதட்டால் மூடினார். அடுத்த கோயிலுக்கு அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தார், அதற்கடுத்ததற்கு இரண்டாவது படத்தைப் பார்த்து. பாவி மனுஷன், தன் கையாலேயே பிள்ளையைத் துடைத்துவிட்டிருக்கிறார். அவளோ ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து, யாரோ ஒருத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கத்தியை எடுத்துச் சம்மனசின் கன்னத்தோரம் பரபரவென்று சுரண்டினார்.

"எந்தக் காது? சொல்லு, இப்பவே போட்டுடுறேன். எந்தப் பக்கம்?"

ஃபிலோமேனின் கை இடது காதுக்குப் போனது. அப்புறம் வலது காதுக்குப் போனது. பிறகு இரண்டுக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

"இருங்க... தல சீவிவிடும்போது... எனக்குத் தெரியும்ங்க. பெத்தவளுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்..."

பின்னால் டக் என்று ஒரு சத்தம். இருவரும் திரும்பினார்கள். கோயிலில் யாருமில்லை. மரச்செருப்புச் சத்தம் மட்டும் கல்தரையில் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஒதிலு!" என்று அலறினாள் தாய்.

சத்தம் நிற்கவில்லை.