தூசி புகாத அறை

1982 ஜனவரியில் எங்கள் கல்லூரியின் பழைய ஸ்டோர் ரூமை எனக்குக் கொடுத்தார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்து, பல்கலைக்கழகத்தில் இரவல் வாங்கிய லேசரை வைத்தேன். அதன் ஒளி பென்சீனுக்குள் போகும்போது மூலக்கூறுகள் அதில் சொற்பத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று அளப்பதுதான் என் டாக்டர் பட்டத்துக்கான வேலை. ஒரே ஒரு தூசி விழுந்தாலும் மூலக்கூறுகளைவிட அது ஜாஸ்தி சிதறடித்துவிடும். ஆகவே அட்டெண்டர் வேடியப்பன் தினமும் ஈரத்துணியால் தரை துடைத்தார். கதவில் ஒரு பலகையும் மாட்டினேன்: 'செருப்பை வெளியே விடவும்.'

மூன்று மாதம் கழித்து அளவுகள் சரியாக வரத் தொடங்கிய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, தாளாளர் முருகையன் வந்தார். அறையைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கேட்கிறார்களாம். பலகையைப் படித்துச் செருப்பைக் கழற்றினார். உள்ளே இருட்டு; எதிர்ச்சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி.

"இவ்ளோதானா?"

"ஒளி இங்கேர்ந்து அங்க போகுதுங்க. காத்து சுத்தமா இருக்கறதால நடுவுல தெரியாதுங்க."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு ஒரு ரூமா? திங்கக்கிழமை காலி பண்ணிடுங்க சார்."

ரூம் போனால் பட்டமும் போச்சு. நான் வாய் திறப்பதற்குள் வேடியப்பன் வெளியே போய், ஆபீஸ் பூஜையில் புகைந்துகொண்டிருந்த தூபக்காலோடு வந்துவிட்டார்.

"ஐயோ, வேணாம்பா!"

புகை எழும்பியது. லேசரிலிருந்து சுவர்வரைக்கும் சிவப்பு நூல் ஒன்று இழுத்துக் கட்டினாற்போல நின்றது.

தாளாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "செருப்ப ஏன் கழட்டச் சொன்னீங்கன்னு இப்பதான் புரியுது. மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"அது தூசிக்காகங்க..."

"இருக்கட்டும், இருக்கட்டும். அடக்கம் வேண்டியதுதான்."

அறை நிரந்தரமாக எனக்கே என்று உத்தரவு வந்தது. லேசரைத் திருப்பிக் கேட்க வேண்டாமென்று பல்கலைக்கழகத்துக்கும் அவரே எழுதினார். நிபந்தனை ஒன்றுதான்: வெள்ளிதோறும் பத்து மணிக்கு விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டும், புகையோடு.

"என்னய்யா பண்ணிட்ட?" என்றேன் வேடியப்பனிடம்.

"ரூம காப்பாத்திட்டேன் சார். இல்லன்னா இந்நேரம் சைக்கிள் நின்னிருக்கும்."

தூபக்காலை வாங்கி வெளியே வைத்தேன்.

திங்கள் முதல் வியாழன்வரை லென்ஸ்களையும் பென்சீன் குப்பியையும் கழுவுகிறேன். அறை சுத்தமாகும்போது வெள்ளி வந்துவிடுகிறது. நான் அனுப்பிய அளவுகளைப் பார்த்து என் வழிகாட்டி பேராசிரியர் சக்கரபாணி கடிதம் போட்டார்: 'உங்கள் பென்சீன் ஏன் மோர் மாதிரி சிதறடிக்கிறது? என்ன கலந்தது?'

காரணங்களை எண் போட்டு நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டு, ஒரு கார்டில் 'சாம்பிராணி' என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

மறுதபாலில் பதில் வந்தது: 'எத்தனை சதவீதம்?'