மடியில் போன விளக்கு

சிட்னியின் வடபுறத்தில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த அளவைக்கூடத்தில் எனிட் பாஸ்கோவின் விளக்குகளுக்கு ராஜ மரியாதை. நாட்டில் யார் வெளிச்சத்தை அளந்தாலும், அவர்களுடைய கருவி கடைசியில் இந்த விளக்குகளைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதனால் வருஷத்துக்குச் சில மணி நேரம்தான் எரிப்பார்கள். கண்ணாடியில் விரல் படக்கூடாது. எரிந்த ஒவ்வொரு நிமிஷமும் நோட்டில் ஏறவேண்டும். புருஷனைக்கூட அவள் இப்படிக் கவனித்ததில்லை என்று தேநீர் அறையில் கேலி செய்வார்கள். அவளும் மறுத்ததில்லை.

ஏழாம் எண் விளக்கை அங்குள்ள விளக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதமான, இன்னும் நிரந்தரமாகாத டெரிக், விமானத்தில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வெலிங்டன் போனான். அங்கே அளந்தபோது விளக்கு அரை சதவீதம் மங்கியிருந்தது. வெளியாட்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. இவர்களுக்கோ வீட்டில் இழவு விழுந்த மாதிரி.

"எங்கயோ இடிச்சிருக்கே," என்றார் தலைவர் ஹாலோரன். "நல்லா யோசிச்சுப் பாரு."

"சுங்கத்துல பெட்டியத் திறக்கச் சொன்னாங்க. அப்ப கை ஆடிச்சோ என்னமோ," என்றான் டெரிக். பாவம், அவனே நம்பிவிட்டான்.

பக்கத்தில் நின்ற எனிட் வாயைத் திறக்கவில்லை. அனுப்புவதற்கு முந்தின நாள், கடைசியாக ஒருமுறை எரித்துப் பார்க்கலாம் என்று அவள்தான் கம்பிகளை மாட்டினாள். அந்த விளக்குகளில் மின்சாரம் எப்போதும் ஒரே திசையில்தான் ஓடவேண்டும். மாறி ஓடினால் பழகிய இழை தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் மாற்றி மாட்டிவிட்டாள். பன்னிரண்டு நிமிஷம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒன்றும் ஆகியிருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, நோட்டில் எழுதாமல் விளக்கைப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் போயிற்று. டெரிக் எந்த விளக்கையும் தொடுவதில்லை. ஒரு காலையில் ஹாலோரன் மேஜைமேல் அவன் ஒரு கடிதத்தை வைப்பதை எனிட் பார்த்தாள். ராஜினாமா. அதற்குமேல் அவளால் தாங்கமுடியவில்லை.

"அதக் கிழிச்சுப் போடுங்க," என்றாள். "தப்பு என்னோடது. கம்பிய மாத்தி மாட்டினேன். பன்னெண்டு நிமிஷம் எரிஞ்சுது. எழுதல."

ஹாலோரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழாம் நம்பர் இனிமே உதவாது, எனிட். தெரியுமில்ல?"

"தெரியும்."

டெரிக் அவளையே பார்த்தான். "மூணு வாரமா என்னப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"நான் என்ன செய்யணும், சொல்லு," என்றாள்.

அவன் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினான். "எம் பொண்டாட்டி ரோண்டாகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பா."

அவனே எண்ணைச் சுழற்றினான். அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"நான் எனிட், டெரிக்கோட வேலை செய்யுறவ. விளக்கு விஷயமாப் பேசறேன். அவன் கையில எந்தத் தப்பும் இல்லம்மா. கெடுத்தது நான்."

ரோண்டா குழந்தையைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள் பிறகு. "வெலிங்டன்லேர்ந்து வந்ததிலேர்ந்து புள்ளயத் தூக்கவே மாட்டேங்கறாருங்க. கை ஆடுதாம். கீழ போட்டுருவேனாம்."

எனிட் நிமிர்ந்து பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் டெரிக் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தான்.