பச்சை வாசம்

கருவாட்டு வண்டி வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஜெகபர் சாதிக் கேட்டால்தானே. குவைத்தில் தொழிலாளர் கேம்ப் ஒன்றில் வருடக்கணக்காகச் சமையல் வேலை பார்த்தவர், ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லி, போன வருடம் திடீரென்று வந்து நின்றார். வந்த கையோடு பூவம் என்கிற ஊர்க் கருவாட்டு வியாபாரியிடம் பழைய வேன் ஒன்றை வாங்கினார். உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கட்டிலுக்கு அடியில் கேஸ் சிலிண்டர் என்று எல்லாவற்றையும் தானே பொருத்தினார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஏர்வாடி தர்காவுக்குக் கிளம்புவதாகத் திட்டம். வழியெல்லாம் அவர் சமைப்பார், நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். கல்யாணமான புதிதில் எனக்குத் தந்த வாக்கு அது.

ஆனால் வியாழக்கிழமை வரை அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. தீ எழும்பும், சற்று நேரத்தில் சோர்ந்து படுத்துவிடும். ரெகுலேட்டரை மாற்றினார். ரப்பர் குழாயை மாற்றினார். பர்னரை ஊசியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தார். சமையல்காரருக்கு அடுப்புதான் கண்ணில் படும் போலிருக்கிறது.

வண்டிக்குள் தலையை விட்டாலே ஓர் அழுகல் வாடை வேறு.

"கருவாட்டு வாடை இன்னும் போகல மச்சான்" என்றேன்.

"ஆமா, ஊறிப்போயிருக்கு. கழுவுனா போயிடும்."

அன்று மதியம் எலுமிச்சையும் சோப்புத்தூளும் போட்டுக் கழுவி, கதவுகளைத் திறந்து காயவைத்தேன். மூலை மூலையாக மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசம் மட்டும்தான் இருந்தது.

அந்தி சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு, எங்கள் கணக்கில் வெள்ளி இரவு தொடங்கிவிட்டதே என்று வீட்டுக்குச் சாம்பிராணி காட்டினேன். வெளியே வேனுக்குள் உட்கார்ந்து அடுப்பைக் குடைந்துகொண்டிருந்தவர் குரல் கொடுத்தார். "வண்டிக்கும் காட்டு நிஷா. நாளைக்குப் பயணம்ல."

தணல் சட்டியோடு போனேன். வேனுக்குச் சற்றுத் தள்ளியே அந்த அழுகல் வாடை, சாம்பிராணிப் புகையையும் மீறி மூக்கில் ஏறியது. மதியம் கழுவிவிட்ட கருவாடு எப்படித் திரும்பி வரும்?

"சிலிண்டரத் தொறந்தீங்களா?"

"அப்பவே தொறந்துட்டேன். பத்த வச்சுப் பாக்கத்தான் போறேன்." கையில் லைட்டர் இருந்தது.

கருவாடு சிலிண்டரைத் திறந்தால் மட்டுமா நாறும்? அப்படியே பின்வாங்கினேன்.

"மச்சான், லைட்டரத் தொடாதீங்க. லைட்டும் போடாதீங்க. கேஸ மூடிட்டு எறங்கி வாங்க."

சட்டியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்க் கொட்டி, மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன். திரும்பி வந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இவ்வளவு நாத்தம் ஒங்களுக்குத் தெரியலையா? கருவாடுன்னு நான் சொன்னப்ப ஆமான்னீங்களே?"

"நீ சொன்னே. நானும் ஆமான்னேன்."

"நேத்து என் அத்தர் நல்லாருக்குன்னீங்களே?" நான் நேற்று அத்தரே பூசவில்லை.

தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு வாசமும் தெரியாது நிஷா. அங்க காய்ச்சல்ல கெடந்தேன்ல, அதோட போச்சு. சோத்துல பச்ச வாசம் அடிக்குதுன்னு கேம்ப்புல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் பாஸ்போர்ட்டக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க."

இங்கே அவர் வைத்த சால்னாவில் இஞ்சியும் பூண்டும் பச்சையாக நெடி அடித்தபோதெல்லாம், இதுதான் குவைத்துக் கைப்பக்குவமா என்று கேலி செய்தவள் நான். அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இதைச் சொல்ல வெட்கப்பட்டு எங்கள் இரண்டு பேர் உயிரையும் அல்லவா பறிகொடுக்க இருந்தார்.

காலையில் சோப்பு நுரை குழைத்து, சிலிண்டரிலிருந்து ஒவ்வோர் இணைப்பாகத் தடவிக்கொண்டு வந்தோம். கட்டிலுக்கு அடியில் செம்புக் குழாய் வளைகிற இடத்து நட்டில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. இறுக்கி இறுக்கிக் குழாய் முனையே வெடித்திருந்தது. அதை நறுக்கிவிட்டுப் புதிதாக இணைத்தார்.

"இப்ப இருக்கா?"

கேஸ் கீழேதான் தேங்கும். தரையோடு தரையாகக் குனிந்து மோந்தேன். "இருக்கு."

மறுபடி பிரித்தார், மாட்டினார். "இப்ப?"

"இல்ல."

நுரையிலும் குமிழி இல்லை. இருந்தாலும் கதவுகளைத் திறந்துபோட்டு வெகுநேரம் காத்திருந்தோம். பிறகு பற்றவைத்ததும் தீ நீலமாக நின்று எரிந்தது. சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினார். வெங்காயம் வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுதைப் போட்டுக் கிளறினார். கிளறிக்கொண்டே இருந்தவர் கரண்டியை நிறுத்தினார்.

"நிஷா, பச்ச வாசம் போச்சா?"

சமையலில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. கிட்டே போய் மோந்து பார்த்தேன்.

"இன்னும் போகல மச்சான்" என்றேன்.

தீயைக் குறைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்தபடி கிளற ஆரம்பித்தார்.