பத்ரிநாத்துக்குக் கொடுத்த மாத்திரை

அப்படியானால் பத்ரிநாத்துக்கும் தலை என்று ஒன்று இருக்கிறது, அது வலிக்கவும் செய்கிறது... ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, மேனேஜர் நீட்டிய கையைப் பார்த்தாள் வனஜா, போன மாதம் இதே கையைத்தானே ஆட்டி ஆட்டி, "தலவலி தலவலின்னு லீவு கேக்கறியே, எங்களுக்கெல்லாம் தலையே இல்லையாம்மா?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார், அன்று அவளுடைய இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார்கள், கீபோர்டில் பாதி எழுத்து தெரியவில்லை, பாத்ரூமில் வாந்தி எடுத்துவிட்டு வந்து மிச்சத்தை அடித்தாள். இன்றைக்கு அவரே நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "வனஜா, ஸ்வல்ப அந்த உன் மாத்திரை ஒண்ணு குடும்மா, தலை வெடிக்கறது" என்கிறார். குடும்மாவாம். என்ன ஒரு பணிவு! கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, விரல் படாமல் அந்தக் கையில் போட்டாள். அவர் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அமெரிக்காவில் டாக்டர்கள் பேசி அனுப்புவதை இங்கே ஆஸ்டின் டவுன் மாடியில் உட்கார்ந்து கேட்டு அடித்துக் கொடுக்கிற பிழைப்பு, இதற்கே இந்த ஆளுக்கு டாக்டர் மிடுக்கு... சேர்ந்த அன்றே பாடம் எடுத்தார், "அர்த்தத்துக்குள்ள போகாதே, ஸ்பீடு போயிடும், காதுல வாங்கு, விரல்ல விடு." அதில் அப்படி ஒரு பெருமை. மருந்துப் பெயரில் ஒரு எழுத்து மாறினால் குதிப்பார், அந்த மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று கேட்டால் முழிப்பார், கிளிப்பிள்ளை. அவள் அப்படியா? தன் தலைச் சமாசாரம் என்பதால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், மூளையைச் சுற்றிய உறையில் ரத்தக் குழாய்கள் விரிந்து துடிக்கின்றன, மாத்திரை போய் அவற்றை இறுக்குகிறது, அதற்குப் பிறகுதான் ட்யூப்லைட்டை நிமிர்ந்து பார்க்க முடிகிறது. வீட்டில் சொன்னால், கணவன் அருண்குமார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தைலம் தேச்சுக்கினு படு" என்பான். அவனும் ஒரு ஆள், இவரும் ஒரு ஆள்.

ஹெட்போனை மாட்டினாள். மூக்கால் பேசுகிற டாக்டர், ஒற்றைத் தலைவலிக்காரர் யார் வந்தாலும் நடுவில் தவறாமல் ஒரு வரி சொல்வார், இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு இந்த மருந்தைத் தரக்கூடாது... விரல்கள் அடித்துவிட்டன, அவள் பையில் இருப்பதும் இதே மருந்துதான். தலைக்குழாய், நெஞ்சுக்குழாய் என்று அந்த மாத்திரை பேதம் பார்க்காதே, அங்கேயும் போய் இறுக்குமே. பத்ரிநாத்துக்கு ஜனவரியில்தானே நெஞ்சடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், ஆபீஸே சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்ததே... போன வாரம் இதே வரியில் அவள் விட்ட கமாவைச் சிவப்பில் போட்டு அனுப்பினார், கமா தெரிந்தது, தன் நெஞ்சு தெரியவில்லையா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். இத்தனை நாள் படித்தாரே, தெரிந்துதான் கேட்டிருப்பார்... தெரியாவிட்டால்? தெரியாவிட்டால் அது யார் குற்றம், அர்த்தத்துக்குள் போகாதே என்றவர் யார்? போன் அடிக்கிறது, எடுக்கிறார், இன்னும் மாத்திரை கையில்தான், யாரையோ பார்த்துச் சிரிப்பதுபோல் ரிசீவருக்குள் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. போனை வைக்கிறார், கை வாய்க்குப் போகிறது... எப்படி எழுந்தாள், எப்படிக் கதவைத் தள்ளினாள், தெரியவில்லை. "சார், அதப் போடாதீங்க!" "ஏன், குடுத்தத திருப்பிக் கேப்பியா?" "உங்களுக்கு ஸ்டென்ட் இருக்கில்ல சார், இது ஹார்ட்டுக்குப் போற குழாயையும் சுருக்கிடும்." அவர் மாத்திரையை உற்றுப் பார்த்தார், முகம் வெளுத்தது, "அப்படியா, யாரு சொன்னா?" யார் சொன்னார்களாம்! தினமும் காதில் வந்து சொல்கிறார்களே... வியர்வையில் நசநசத்துப்போயிருந்த அதை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். ஸ்கிரீனில் ரிப்போர்ட் முடிந்திருந்தது. அந்த வரிக்குக் கீழே ஒரு முழுப் பக்கம், அவரைப் பார்த்துக்கொண்டே அவள்தான் அடித்திருக்கிறாள், ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை, ஒரு பிழைகூட இல்லை.