நூறு அடி ரீல்

மூன்றாவது அடியில்தான் பூட்டு தெறித்தது.

ஆக்னஸ் சுத்தியலைப் படியில் போட்டுவிட்டு ஷட்டரை இரண்டு கையாலும் தூக்கினாள். சாலையில் போன சைக்கிள்காரர்கள் இருவர் காலூன்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பன் செத்து ஆறு மணி நேரம் ஆகவில்லை, மகள் அவர் கேமராக் கடையை உடைக்கிறாள். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

சாவி சிவனாண்டியிடம் இருந்தது. இருபது வருடமாகக் கடையில் ரிப்பேர் வேலை பார்ப்பவர். காலையில் துக்க வீட்டு வாசலில் வைத்தே அவரிடம் கேட்டாள்.

“அடக்கம் முடியட்டும் பாப்பா. பொறவு தாரேன்.”

“இப்பத் தாங்க அண்ணாச்சி.”

“முதலாளி இன்னும் வீட்டுல கெடக்காவ. இப்பப் போயா?”

அவர் தரவில்லை. பக்கத்து வீட்டில் சுத்தியல் இருந்தது.

அப்பாவின் தங்கை அந்தோணியம்மாள் தெருமுனை வரை பின்னாலேயே ஓடி வந்தாள். “ஏளா, நாலு மணிக்குச் சாமியார் வந்துருவாரு. அதுக்கு முன்ன பெட்டியச் சுத்தி நின்னு போட்டா எடுக்கணும். ஒத்த மக, நீ இல்லாம எப்படி?”

“அந்த ரீலப் பாக்காம அந்தாளு பக்கத்துல நிக்க மாட்டேன் மாமி.”

“அந்தாளா? ஒங்க அப்பன்ளா.”

“எங்கம்மா பெட்டிகிட்ட என்னய நிக்க விட்டாரா?”

மாமி தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

அது எழுபத்திரண்டு மே மாதம். ஆக்னஸ் மெட்ராசில் நர்ஸ் படிப்பில் இருந்தாள். தந்தி ஒரு நாள் தாமதம். ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது அம்மா அல்போன்சாவின் கல்லறை மேல் போட்ட பூவே வாடியிருந்தது. “வெயில் தாங்காதுன்னு அடக்கிட்டோம்மா” என்றார் அப்பா மரியான். “ஆனா ஒனக்காக எல்லாத்தையும் படம் புடிச்சிருக்கேன். மொகம் தெளிவா இருக்கும். பாத்துக்கலாம்.”

பாத்துக்கலாம். ஆறு வருடம் அதே பேச்சு. முதலில் ரீல் பம்பாயில் கழுவப் போயிருக்கிறது. பிறகு புரொஜக்டர் பல்பு சரியில்லை. பிறகு பெரிய கோயில் திருவிழாவுக்கு மிஷின் வாடகைக்குப் போயிருக்கிறது. ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அப்பா எடுத்த படம் சுவரில் ஓடியது. அவள் அம்மா மட்டும் ஓடவில்லை.

கடைக்குள் எண்ணெயும் பசையும் கலந்த வாசனை. மேசை மேல் நேற்று பாதி கழற்றிய கேமரா, பக்கத்தில் தட்டில் திருகாணிகள். அப்பாவின் சாமான் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட பொட்டலத்தை அதன் அருகே எறிந்தாள். மூக்குக் கண்ணாடி, செபமாலை, வட்டமாக ஒரு கறுத்த தகர மூடி. சாகும்போதும் சட்டைப்பையில் கடைச் சாமான்.

கடைதான் அவருக்கு எல்லாம். கேமராவை வாடகைக்கு எடுக்க வருபவனைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்க வைப்பார். விசையை முறுக்கினியா, மூடியக் கழட்டினியா, வெயில் முதுகுப் பக்கம் இருக்கா என்று ஆயிரம் கேள்வி. போன மாதம் அத்தான் முறை வில்பிரட் சிங்கப்பூர்க் கப்பலில் இருந்து இறங்கி, வீடியோ என்று ஒன்று வந்திருக்கும் சேதியைச் சொன்னான். பிலிம் இல்லையாம், டேப்பாம், கழுவவே வேண்டாமாம். சிவனாண்டி, “பொறவு நாம எதுக்குலே கட தொறக்கணும்?” என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

“எடுக்கும்போதே படம் தெரியுமாலே?”

“பக்கத்துலயே டி.வி. பெட்டி மாமா. எடுக்க எடுக்கத் தெரியும்.”

அதையே திருப்பித் திருப்பி நாலு தரம் கேட்டார். அன்று மத்தியானச் சோறு அப்படியே திரும்பி வந்தது. மிஷின் ஆசை என்று ஆக்னஸ் பல்லைக் கடித்தாள்.

அலமாரிகளை இழுத்துப் போட்டாள். மேல் தட்டில் பழைய கேமரா ஒன்று, முன்கண்ணாடியை வேட்டித் துணியால் கட்டி வைத்திருந்தார் அப்பா. அதை யாரும் தொடக் கூடாது, வாடகைக்கும் போகாது. அதைத் தள்ளினாள். பின்னால் பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் ஒரே ஒரு ரீல். நூறு அடி. அப்பாவின் கையெழுத்து: அல்போன்சா, 14.5.72.

ஆக, இங்கேயேதான் இருந்திருக்கிறது.

அவளுக்குப் புரொஜக்டரில் பிலிமைக் கோக்கத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்த வேலை. ஷட்டரை இறக்கிவிட்டுச் சுவிட்சைத் தட்டினாள்.

மிஷின் கடகடத்தது. சுவரில் மாட்டிய திரை கறுப்பாக இருந்தது. இப்போது வரும் என்று நின்றாள். அம்மாவின் நெற்றி, முக்காடு, ஏதாவது. கறுப்பு. ஓரத்தில் ஒரு கீறல் நெளிந்து போனது. மறுபடி கறுப்பு. மூன்று நிமிடம் கழித்து பிலிமின் வால் படபடவென்று அடித்துக்கொண்டது. திரை வெள்ளையானது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. காத்து ஓட்டம்.

அது அப்பா சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கும் தொழில் ரகசியம். கல்யாண வீட்டில் யாராவது எங்களையும் எடு என்று உயிரை வாங்கினால், பிலிம் போடாமலே விசையை ஓட்டுவார். கிர்ரென்று சத்தம் கேட்கும், அவர்களும் பல்லைக் காட்டுவார்கள்.

ஷட்டர் கிறீச்சிட்டது. சிவனாண்டி மூச்சு வாங்கக் குனிந்து உள்ளே வந்தார். சுழன்றுகொண்டிருந்த ரீலைப் பார்த்ததும் சாவியைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.

“எங்கம்மா சாவுலயும் காத்து ஓட்டம் ஓட்டிருக்காரு. தொல்ல பண்ணுத விருந்தாளிய ஏமாத்துத மாதிரி. நீங்களும் கூட நின்னு பாத்தீங்க, இல்லையா?”

“பாப்பா…”

“ஒரு ரீல் மிச்சம் புடிக்கணுமா அண்ணாச்சி? பொண்டாட்டிக்குப் போட ஒரு ரீல் இல்லையா? நான் வரல. பெட்டிய நீங்களே தூக்கிட்டுப் போங்க. போட்டாவும் நீங்களே நின்னு எடுத்துக்கோங்க.”

சிவனாண்டி மிஷினை நிறுத்தினார். வாலைப் பிடித்து விரலில் சுற்றினார்.

“பிலிம் போடாம ஓட்டுனா இந்த ரீல் எங்கருந்து வந்துச்சு?”

அவள் திரும்பி ரீலைப் பார்த்தாள்.

“புது ரீலு. கப்பக்காரன்கிட்டச் சொல்லி வச்சு வாங்குனது. நாந்தான் மாட்டிக் குடுத்தேன்.” அவர் குரல் இறங்கியது. “மேல துணி கட்டி வச்சிருக்கே, அந்தக் கேமராவுல நாம எட்டிப் பாக்குற ஓட்ட தனி, படம் விழுற கண்ணாடி தனி. ஓட்டயில எல்லாம் தெரியும் பாப்பா. ஒங்க அம்மா மொகம், பெட்டி, மெழுகுத்திரி, எல்லாம். கண்ணுல தண்ணி ஓட ஓட எடுத்தாவ. பம்பாயிலருந்து கறுப்பா வரவுந்தான் தெரிஞ்சுது. மககிட்ட நானே சொல்லிக்கிடுதேன், நீ வாயத் தொறக்காதன்னு குருசு மேல சத்தியம் வாங்கிட்டாவ.”

“என்ன தெரிஞ்சுது?”

அவர் கண் மேசை மேல் கிடந்த பொட்டலத்தில் இருந்தது.

ஆக்னஸ் மூடியை எடுத்தாள். விளிம்பு முழுக்கச் சாயம் போய்த் தகரம் பளபளத்தது, வருடக் கணக்காகக் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த மாதிரி. மேல் தட்டுக் கேமராவை இறக்கினாள். வேட்டித் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். மூடியைக் கண்ணாடி மேல் வைத்து அழுத்தினாள்.

டக்கென்று பொருந்தி உட்கார்ந்தது.

“அன்னைக்கு அத யாரும் கழட்டல” என்றார் சிவனாண்டி.