பச்சைக் குடம்

வடபழனியில் சினிமாக்காரர்களுக்குத் துணி தைக்கிற மணிமொழி, ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் நீச்சல் பழகினாள். கூடவே பழகியவள் ஜமீலுன்னிசா, தி.நகரில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் ஹனீஃபாவின் மனைவி. நீச்சல்குளத்தின் சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்பி அலுத்துப்போய், செங்கல்பட்டைத் தாண்டி ஒரு கிராமத்து ஏரிக்கு நான்கு ஞாயிறாக வருகிறார்கள். சேறு எங்கே, கொடி எங்கே என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள்.

ஆளுக்கொரு காலிப் பிளாஸ்டிக் குடம். வாயை இறுக மூடி, நீளக் கயிற்றால் இடுப்போடு கட்டிக்கொள்வார்கள். களைத்தால் பிடித்துக்கொள்ளலாம், கரையிலிருந்து பார்க்கிறவருக்கும் தெரியும். கரையில் ஹனீஃபா விசிலோடு நிற்பார். ஒரு குடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஊதுவார். ஊதினால் இருவரும் திரும்பிவிட வேண்டும், கேள்வியே கிடையாது.

நடு ஏரியில் தலை நீட்டிக்கொண்டிருக்கும் பாறையை ஒரு தடவை தொட்டுவிட வேண்டும் மணிமொழிக்கு. வாரா வாரம் தூரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தாள். இன்றைக்கு விட்டால் இந்த வருஷம் இல்லை. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள்.

காலை வெயில் இதமாக இருந்தது. பாறை நெருங்கி வந்தபோது விசில் கேட்டது.

"விசிலு," என்றாள் ஜமீலுன்னிசா, தன் மஞ்சள் குடத்தைப் பிடித்துக்கொண்டு.

"தோ கீது பாறை. தொட்டுட்டு வந்துர்றேன், ஜமீலா."

"உன் கொடம் அவருக்குத் தெரியல போல. ஆரஞ்சுக் கொடம் இன்னாடி ஆச்சு?"

மணிமொழி திரும்பிப் பார்த்தாள். மிதந்தது பச்சைக் குடம். அதற்குப் பின்னால் பச்சைப்பசேலென்று ஆகாயத்தாமரை.

"நேத்து லாரி வந்துச்சு. அந்தக் கொடத்துல குடிதண்ணி ரொம்பிக் கீது. கீழ ஊத்திட்டு வரச் சொல்றியா?"

லாரித் தண்ணீரைக் கொட்ட யாருக்குத்தான் கை வரும்?

மறுபடி விசில். இந்தத் தடவை மூச்சு வாங்கி, உடைந்து உடைந்து வந்தது. பாறைமேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் கண்கூடத் தெரிகிற தூரம். மணிமொழி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, வா," என்று திரும்பினாள்.

கரை நெருங்கியதும் திடுக்கிட்டாள். ஹனீஃபா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார், லுங்கி குடைபோல மிதக்க. ஒரு கை நீச்சல்கூடத் தெரியாத மனிதர்.

"இன்னா பாய், நீங்க ஏன் எறங்குனீங்க? உங்கள யாரு தூக்குறது?"

"ஒரு கொடம்தாம்மா தெரிஞ்சுது. நான் இன்னா செய்ய?"

"நிக்காஹ் ஆகி முப்பது வருசம். எனக்காகக் கால்கூட நனைச்சதில்ல மனுசன்!" என்றாள் ஜமீலுன்னிசா.

"உன் கொடம்தான் தெரிஞ்சுதே!" என்றார் ஹனீஃபா. மூவரும் தண்ணீரிலேயே நின்று சிரித்தார்கள். மணிமொழிக்கு மட்டும் சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் சோற்றுப்பானை, குக்கர், சொம்பு, டம்ளர் என்று அகப்பட்டதிலெல்லாம் ஆரஞ்சுக் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு சொட்டு வீணாகவில்லை. காலிக் குடத்தைத் துடைத்து, கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டினாள். அடுத்த மழைக்கு ஏரி நிரம்புகிற வரைக்கும் அதில் யாரும் தண்ணீர் பிடிக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லியும் வைத்தாள்.