முன் சீட்டில் சிரித்தவள்

பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கார் சரியாவதைவிடக் காரைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைப்பதுதான் முக்கியம். வண்டியை உள்ளே விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பல் டாக்டர் வருவார். சின்ன வயதில் மாமா வீட்டுக் காரின் சீட் வாசனையில் விழுந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. புது வண்டி எதைக் கண்டாலும் முதலில் மூக்கைத்தான் உள்ளே நீட்டுவார். ஒரு வாத்தியாருக்கு, காய்ச்சலில் கிடந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்த தகரப் பொம்மைக் கார். இன்னொருத்தர் எதிர்வீட்டுக்காரர் காரைக் கழுவும்போது வேடிக்கை பார்த்தே கெட்டுப்போனவர். தன் கதையைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள். உங்களுக்கு எப்படி அக்கா இந்தப் பைத்தியம் பிடித்தது?

"தெரியலைங்க. சும்மாதான்" என்று சொல்லிவிட்டுக் காரக்கா பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வாள். தெருவே அவளைக் காரக்கா என்றுதான் கூப்பிடும். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி.

தெரியாமல் என்ன? நன்றாகத் தெரியும். எந்த மேட்டில், எந்த வளைவில் பிடித்தது என்றுகூடத் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்தபடி கேட்கிற கதை இல்லை அது, அவ்வளவுதான்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வெளியூரில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சாரம் சரிந்து அவர் விழுந்துவிட்டார் என்று சேதி வந்தது. அம்மாவும், அப்பாவின் தங்கையான அத்தையும் அவளை இழுத்துக்கொண்டு அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா ஒரு டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்டாள். அவர் பார்த்துவிட்டோம் அம்மா என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் அந்த இடத்தில் கேட்பதற்கு யாரும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவர ஒரு கார் பிடித்தார்கள். பின்பக்கம் நீளமான பழைய வண்டி. பின் சீட்டைக் கழற்றி அப்பாவைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் அம்மா, கால்மாட்டில் அத்தை. பெண்ணை எங்கே வைப்பது? டிரைவர்தான் அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்.

கிளம்பியதிலிருந்து அவள் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். போர்வைக்கு வெளியே அப்பாவின் கை ஒன்று வண்டியோடு சேர்ந்து ஆடியது. டிரைவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, எனக்கு ஒரு உதவி செய்வியா என்று கேட்டார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தைக் காட்டி, அதில் இருக்கிற முள் சிவப்புக் கோட்டுக்குப் போனால் உடனே சொல்ல வேண்டும், வண்டிக்கு வயசாகிவிட்டது, மேட்டில் கொதித்துவிடும், ரோட்டையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்குக் கண் பத்தாது என்றார். உண்மையில் பத்தியிருக்கும். அந்தக் குழந்தை பின்னால் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார். அது அவளுக்குப் புரிந்தபோது அவளே வண்டி ஓட்டத் தொடங்கியிருந்தாள்.

மேடு வந்தது. முள் நகர்ந்தது. அவள் சொன்னாள். அவர் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கச் சொல்லிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். கொதிக்கிற வண்டிக்கு ஹீட்டரா என்று அத்தை பின்னாலிருந்து சத்தம் போட்டாள். இன்ஜின் சூட்டை இந்தப் பக்கம் இழுத்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்று அவர் பதில் சொன்னார். காலில் அனல் அடித்தது, முகத்தில் மலைக்காற்று அடித்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் சிவப்பைத் தொட்டு, நின்று, யோசித்து, இறங்க ஆரம்பித்தது.

"இறங்குது" என்று கத்தினாள். கத்தியவள் சிரித்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைக்கு அழுதும் கெஞ்சியும் யாரும் எதையும் மாற்றவில்லை. அவள் பார்த்துச் சொன்னதற்குக் கேட்டது அந்த வண்டி ஒன்றுதான். உள்ளே கொதித்துக்கொண்டிருந்த ஒன்று, நேரத்தில் கவனித்ததால் பிழைத்தது. அப்பாவையும் யாராவது நேரத்தில் கவனித்திருந்தால் என்று அந்த வயதில் நினைக்கத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு வண்டி மூச்சுத் திணறினால் அவளால் கடந்து போக முடிந்ததில்லை.

அந்தச் சிரிப்பை அத்தை பார்த்துவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. "பெத்த அப்பன் பின்னாடி பொணமா கிடக்குறான், இவ முன் சீட்ல உட்கார்ந்து பல்லைக் காட்டிட்டு வர்றா" என்று வீட்டு வாசலில் இறங்கும்போதே ஆரம்பித்தாள். அது கல்யாண வீடு, காதுகுத்து, சாவு வீடு என்று எல்லா இடத்துக்கும் போயிற்று. அத்தை கெட்டவள் இல்லை. அண்ணன் போன துக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் ஒரு குழந்தையின் தலையில் கொட்டினாள். நாக்குக்குத்தான் நரம்பு கிடையாதே. அவள் சொல்லும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே இருப்பாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்ப்பாள்.

அதன் பிறகு அம்மா எந்தக் காரிலும் ஏறவில்லை. மகள் படிப்பை முடித்து, வேலை பழகி, சொந்தப் பட்டறை போட்டு, இறந்துபோன ஒரு வண்டியை உயிர்ப்பித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அம்மா அதைச் சுற்றிப் பார்த்தாள், நல்லா இருக்கு என்றாள், பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். முழங்கால் வீங்கிய பிறகும் பஸ்தான். அம்மா ஏறுகிற பஸ்ஸின் பின்னாலேயே காரக்கா காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போவாள், இறங்குகிற இடத்தில் ஓரமாக நிறுத்தி அம்மா ரோட்டைத் தாண்டும்வரை பார்த்திருப்பாள். "பாட்டிம்மா, உங்க கார் பின்னாடி பத்திரமா வருது" என்று கண்டக்டர் கிண்டல் பண்ணுவார். பஸ்ஸே சிரிக்கும். அம்மா சிரிக்க மாட்டாள்.

அன்றைய சிரிப்பை அம்மா மன்னிக்கவில்லை என்று காரக்கா முடிவு கட்டியிருந்தாள். அதை வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை அம்மா தன் காரில் ஏறி உட்கார வேண்டும். ஊர் வாயை மூட முடியாது, தெரியும். அம்மா ஏறிவிட்டால் ஊர் என்ன பேசினாலும் போகட்டும் என்று இருந்தாள்.

போன மாதம் அத்தை செத்துப்போனாள். காலையில் போன் வந்தது, மதியம் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து பஸ் ஸ்டிரைக். அம்மா குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு, ஆளில்லாத பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். பஸ் வராது என்று அவளுக்கும் தெரியும். காரக்கா வண்டியை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டு, வராமல் போனால் அதைத் தாங்க அவளால் முடியாது.

அம்மா காலி ரோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பின் கதவைத் திறந்து ஏறினாள்.

இத்தனை வருஷம் காத்திருந்தது நடந்துவிட்டது. காரக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கோர்ட்டுக்கு ஆள் கொண்டுபோகிற மாதிரி ஓட்டினாள். கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது, கண்கள் மூடியிருந்தன. ஊர் தாண்டி மேடு தொடங்கியது. அதே மலை ரோடுதான். இப்போது அகலப்படுத்தியிருந்தார்கள். இந்த வண்டி கொதிக்காது. முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. பாதி மேட்டில் அம்மா, "நிறுத்து" என்றாள்.

குமட்டுகிறதோ என்று பதறி ஓரம் கட்டினாள். அம்மா இறங்கவில்லை. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மகளின் பின்தலையைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னைக்கு இந்த மலையிலதான் எல்லாக் கண்ணாடியும் இறக்கினாங்க. காத்து வந்துச்சு. நானும் அன்னைக்குத்தான் முதல் தடவையா கார்ல ஏறினேன். சேதி வந்ததுல இருந்து அழுது மூஞ்சியெல்லாம் எரிஞ்சுட்டு இருந்துச்சு. அந்தக் காத்து பட்டதும்..." அம்மா நிறுத்தினாள். "நல்லா இருந்துச்சுடி. உங்கப்பா தலை என் மடியில இருக்கு, எனக்கு நல்லா இருந்துச்சு. இந்த மலையை, மரத்தையெல்லாம் பார்த்தேன். இப்படியே போய்ட்டே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு நினைச்சேன். அப்பதான் நீ சிரிச்சே. நானும் சிரிச்சேன். உங்க அத்தை உன்னைப் பார்த்தா, என்னைப் பார்க்கலை."

காரக்கா திரும்பவில்லை.

"அதுக்கப்புறம் கார்ல ஏறினா மறுபடியும் நல்லா இருந்துடுமோன்னு பயம். நான் எப்படிப்பட்டவள்னு எனக்கே தெரிஞ்சுடுமே."

மன்னிக்காதது மகளை இல்லை, தன்னைத்தான். அதைக் கேட்டதும் நெஞ்சு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. கோபம்தான் வந்தது. ஒன்பது வயசுக் குழந்தையை ஊர் முன்னால் நிற்க வைத்துவிட்டு, பெரியவள் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

"அத்தை சொல்றப்பல்லாம் பக்கத்துலதானே இருந்தே. ஒரு தடவை, நானும்தான் சிரிச்சேன்னு சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அம்மா. "உன்னைச் சொல்லிட்டே இருந்தா என்கிட்ட வர மாட்டாங்கன்னு இருந்துட்டேன்."

அதற்கு மேல் சாக்குச் சொல்லவில்லை, அழவும் இல்லை. ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறிப் போயிற்று. அது மூன்றாவது கியரில் போக வேண்டியது, நாலில் போகிறது என்று காரக்காவின் காது தானாகக் குறித்துக்கொண்டது. கோபத்திலும் அந்தக் காது வேலை செய்வதை நிறுத்தாது.

"முன்னாடி வந்து உட்காரட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"கதவு திறந்துதான் இருக்கு."

அம்மா சுற்றி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட் போடத் தெரியவில்லை. காரக்கா குனிந்து மாட்டிவிட்டாள்.

அத்தை வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கூடத்தின் நடுவில் அத்தை, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். சொந்தபந்தம் எல்லாம் அத்தையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தது. அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது என்று ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார். பிறகு எங்கே வந்து நிற்கும்? காரக்காவைப் பார்த்ததும் அத்தையின் மகன் ஞாபகம் வந்தவனாக, "முன் சீட்ல சிரிச்ச கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கும் அம்மா" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாலைந்து பேர் துக்கத்துக்கு நடுவில் லேசாகச் சிரித்தார்கள்.

அம்மா அத்தையின் கால்மாட்டில் நின்றிருந்தாள். "அன்னைக்குச் சிரிச்சது அவ மட்டும் இல்ல" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். "நானும்தான் சிரிச்சேன். புருஷனை மடியில போட்டுக்கிட்டு சிரிச்சேன். அவ சின்னப் புள்ள. நான் பெரியவ. சொல்றதா இருந்தா இனிமே என்னைச் சொல்லுங்க."

ஒரு கிழவர், பாவம், நாத்தனார் போன அதிர்ச்சி, என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லை என்றார். ஆமாம் ஆமாம் என்றார்கள். அத்தையின் மருமகள் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்ததை அம்மா எடுத்துப் போட்டாள், கூடத்தில் ஒருத்தர்கூட அதைக் கையில் வாங்கவில்லை.

வாங்கியவள் ஒருத்திதான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த காரக்காவுக்கு அழுகை வந்தது. அந்தக் காரில் போர்வைக்கு வெளியே ஆடிக்கொண்டு வந்த கை கண்ணில் நின்றது. அப்பா என்று சொல்லி அழுதாள். சத்தத்தில் அது யாருக்கும் தெளிவாகக் கேட்கவில்லை.

"பெத்த அப்பனுக்கு அழாத பொண்ணு, அத்தைக்கு எப்படி அழுவுது பாருங்க" என்றார் அந்தக் கிழவர்.

காரக்கா அதை மறுக்கவில்லை. கூடத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடி அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காக அழுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும்.